பன்றி முதுகு தேய்த்த பாறை

காட்டுக் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை இருந்தது. கருப்பட்டி என்ற காட்டுப்பன்றிக்கு அந்தப் பாறைதான் உயிர். தினமும் குட்டைச் சேற்றில் ஆசை தீரப் புரளும். பிறகு வந்து பாறையில் முதுகைத் தேய்க்கும். சேறும் போகும், உடம்பைக் கடிக்கிற உண்ணியும் போகும். அப்பாடா! அந்தச் சுகத்துக்கு ஈடு ஏது?

ஒரு நாள் மேதாவி நரி அந்த வழியாக வந்தது. பாறை முழுக்கச் சேற்றுக் கோடுகள். நரி தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தது, அப்படிச் சாய்த்துப் பார்த்தது.

"ஆகா! மழைக்கு ஏங்கும் காடு! வழியோரத்தில் இப்படி ஓர் ஓவியமா! யார் வரைந்தது?"

"நான்தாங்க..." என்றது கருப்பட்டி. திட்டு விழுமோ என்று அதற்குப் பயம்.

நரி ஊளையிட்டுக் காட்டையே கூட்டிவிட்டது.

"கலைஞரே! இந்த நீளக் கோட்டை இழுக்கும்போது உம் மனதில் என்ன ஓடியது?"

"மனசுல ஒண்ணும் ஓடலீங்க. முதுகுலதான் உண்ணி ஓடுச்சு. அரிப்பு தாங்கல!"

"கேட்டீர்களா? வேதனையில்தான் கலை பிறக்கிறது!"

முயலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியது. கருப்பட்டிக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

மறுநாள் காலை சேற்றோடு வந்தால், பாறைக்கு முன்னால் கரடி நிற்கிறது!

"அண்ணே, தள்ளுங்க. அரிக்குது!"

"கிட்ட வராதே! நீ சேறு பூசின எதையும் யாரும் தொடக் கூடாது, கழுவக் கூடாது. நரியார் உத்தரவு!"

"அட, பூசினதே நான்தானே!"

"பூசியாச்சுல்ல? போ, போ!"

கருப்பட்டி ஒரு வேங்கை மரத்தில் போய் ஒரு தேய் தேய்த்தது. "புதிய படைப்பு!" என்று நரி ஓடிவந்தது. அங்கேயும் காவல். புற்றில் தேய்த்தது. அதற்கும் காவல். மூன்று நாளாக உண்ணிகளுக்கு விருந்து. பாவம், கருப்பட்டிக்குக் கிழங்கு தோண்டித் தின்னக்கூட மனம் வரவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

நாலாம் நாள் நரி வந்து, "கலைஞரே, அடுத்த படைப்பு எங்கே?" என்று கேட்டது.

கருப்பட்டி நரியை மேலும் கீழும் பார்த்தது. "இதோ!" என்று ஒரே பாய்ச்சலில் அதை ஒரு மரத்தோடு சாய்த்து, சேறு அப்பிய முதுகை நன்றாகத் தேய்த்தது. இந்தப் பக்கம் பத்துத் தரம், அந்தப் பக்கம் பத்துத் தரம். உண்ணிகள் கூண்டோடு நரிமேல் குடியேறின. அப்பாடா!

நரி அலறிக்கொண்டு குட்டைக்கு ஓடியது. கரடி குறுக்கே வந்து நின்றது.

"நரியாரே, குளிச்சா ஓவியம் அழிஞ்சுடுமே!"

"அடேய், அரிக்குதடா! விடுடா!"

"கேட்டீங்களா?" என்று முயல் கண் கலங்கச் சொன்னது. "வேதனையில்தான் கலை பிறக்குது!"

பாராட்டுகிறேன் பேர்வழி என்று அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போட்டால், அந்த மண் நம் தலையிலேயே வந்து விழும்.