கொட்டலசு சுரண்ட வந்தவர்

"ஏனுங்க அம்மிணி, நான் மரம் நட வந்தவனுங்க. இதைச் சுரண்டறதுக்கு இல்லை."

ஒன்பதாம் நாள் சென்னியப்பன் வாயைத் திறந்து கேட்டே விட்டார். எட்டு நாள் அடக்கி வைத்ததே பெரிசு.

இலங்கையில், மன்னார் கடலோரச் சேற்றில், முழங்கால் புதைய நின்றிருந்தார். கையில் மழுங்கின கத்தி. எதிரே, உப்புத்தண்ணியில் வளர்கிற கண்டல் மரத்தின் இடுப்பளவுக் கன்று. தண்டு முழுக்கக் கொட்டலசு. ஓடு மூடின சின்னக் கடல்பூச்சி, கல்லாட்டம் ஒட்டிக்கொண்டு கன்றையே கொல்கிற சனியன் அது.

பன்னிரண்டு நாள் தன்னார்வ வேலைக்கென்று ஈரோட்டிலிருந்து கிளம்பி, விமானம் ஏறி வந்த மனுஷன். வந்த அன்றே ஜெசிந்தா அவர் கையில் கத்தியைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு விதையைக் கூடக் கண்ணில் காட்டவில்லை.

ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயசு. அந்தக் கரையில் கண்டல் வளர்க்கிறவள் அவள்தான். எந்தத் தேசத்திலிருந்து யார் வந்தாலும் அவள் சொல்கிறதைத்தான் செய்யவேண்டும்.

"ஓம் ஐயா," என்றாள். "அடுத்த கண்டுக்குப் போங்கோ."

அடுத்த கன்றில் பெயர்ப்பட்டை தொங்கியது. யாரோ ஹெல்முட். போன வருஷம் வந்து நட்டுவிட்டுப் போனவன்.

"இவன் ஊர்ல காலை நீட்டிட்டு உக்காந்திருப்பான். இவன் மரத்துக்கு நான் ஷேவிங் பண்ணோணுமா?"

ஜெசிந்தா சிரிக்கக்கூட இல்லை.

"நடுறதுக்கு உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

சென்னியப்பன் கத்தியை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"முப்பது வருஷம் ரோடு போட்டேனுங்க. ரோட்டோரம் நின்ன புளியமரம் முன்னூத்திப் பன்னெண்டு. வெட்டலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தான். இப்பக் கண்ணை மூடினா அந்த மொட்டை ரோடுதான் வருது. சாகறதுக்குள்ள என் கையால வெச்சது ஒண்ணாச்சும் உசுரோட நிக்கோணும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"அந்தப் புளி எல்லாம் ஆர் வைச்சது?"

"அது எந்தக் காலமோ. தெரியாதுங்க."

"தண்ணி ஊத்தினது?"

"அதும் தெரியாது."

"ஆடு மாடு தின்னாமல் பார்த்தது?"

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறுதலாய் ஒரு வார்த்தை சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஹெல்முட்டின் கன்றை இழுத்துப் பிடித்தார். திட்டிக்கொண்டே, அடிவரைக்கும் ஒரு ஓடு விடாமல் சுரண்டினார்.

ஜெசிந்தா தடவிப் பார்த்தாள்.

"நல்ல சுத்தம். அடுத்தது," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. காலையில் தண்ணி வற்றின நேரம் ஜெசிந்தா ஒரு கண்டல் விதையோடு வந்தாள். முருங்கைக்காய் போல நீளம், நுனியில் இரண்டு இலை.

"நடுங்கோ ஐயா."

நட்டார். போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினவர் அப்படியே நின்றார்.

பக்கத்து வரிசை தெரிந்தது. மழையால் சுரண்ட ஆள் வராமல் போன வரிசை அது. ஏழெட்டுக் கன்று, கொட்டலசு மூடி, வெள்ளை வெளேரென்று செத்து நின்றது.

மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

தண்ணி கணுக்காலுக்கு ஏறியது. கரையில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"அம்மிணி, நான் போயிட்டா இதை யாருங்க சுரண்டுவாங்க?"

"வாற மாசம் பத்துப் பேர் வருகினம்."

"சுரண்டுவாங்களா?"

"மாட்டம் எண்டுதான் முதல்ல சொல்லுவினம். எல்லாரும் நட வாறவை."

"அப்ப என் மரம்?"

ஜெசிந்தா அவர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.

"கோவிச்சுக்கொண்டுதான் சுரண்டுவினம், ஐயா. கண்டுக்கு அது தெரியாது."