பெத்தண்ணனின் வானிலை அறிக்கை

ஒரு காட்டோரக் குட்டையில் பவளாயி என்றொரு கானாங்கோழி இருந்தாள். குட்டையின் நடுவே கோரைப் புதருக்குள் அவளுடைய கூடு. குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கரித்துண்டு போலக் கன்னங்கரேலென்று ஐந்து குஞ்சுகள். பறக்கத் தெரியாது. நடக்கத் தெரியும், அதுவும் தட்டுத் தடுமாறித்தான்.

ஆனி பிறந்தும் வெயில் தணியவில்லை. குட்டை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. பவளாயிக்குப் பயம் வந்துவிட்டது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரைதான் நரி கிட்டே வரமாட்டான். அவன் தினமும் கரைக்கு வருவான். சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்ப்பான். கால் புதைந்ததும் உதறிக்கொண்டு திரும்பிப் போவான். சேறு இறுகத்தான் காத்திருக்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா என்ன!

தப்பிக்க ஒரு வழி இருந்தது. குட்டையிலிருந்து ஒரு பழைய வாய்க்கால் ஆற்று மடுவுக்குப் போகிறது. அந்த மடு எந்தக் கோடையிலும் வற்றாது. வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் ஈரமும், ஓரத்தில் பச்சைப் புல்லும் இருந்தன. குஞ்சுகளை மறைத்து மறைத்துக் கூட்டிப் போய்விடலாம். இன்னும் சில நாள் காய்ந்தால் புல்லும் கருகிவிடும், அப்புறம் வெட்டவெளிதான். இப்போதே போவதா, மழையை நம்பி இருப்பதா? அதுதான் பவளாயிக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குட்டைக்கு மழை அதிகாரி ஒருவர் இருந்தார். பெத்தண்ணன் என்ற தவளை. வாரம் பிறக்கும் காலையில் கரையோரப் பாறையில் ஏறி உட்கார்ந்து, அந்த வாரத்து வானிலையை அறிவிப்பார். குட்டையே கூடிவிடும்.

அன்றும் கூடியது. பெத்தண்ணன் தொண்டையை உப்பிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வரும் வாரத்திற்கான வானிலை! தென்கரையில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். வடகரையில் வானம் மேகமூட்டத்துடன் காணப்படும். நாவல் மரத்தடியிலும் அதை ஒட்டியுள்ள பகுதிகளிலும் வாரக் கடைசியில் கனமழைக்கு வாய்ப்பு உண்டு!"

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க அண்ணே?" என்று கேட்டது ஓர் ஆமை.

"அது தள்ளிப் போயிருக்கு! இந்த வாரம் உறுதி!"

"பிரமாதம்! பிரமாதம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பார்த்தால் நரி! "பெத்தண்ணன் சொன்னா மழை வந்த மாதிரிதான். யாரும் எங்கேயும் கிளம்பிடாதீங்க!"

எல்லாருக்கும் உச்சி குளிர்ந்தது. பவளாயிக்கு மட்டும் சுருக்கென்றது. 'மழை பெய்தால் குட்டை நிரம்பும். குட்டை நிரம்பினால் என் குஞ்சுகள் இவன் வாய்க்கு எட்டாது. அப்புறம் இவனுக்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம்?'

கூட்டம் கலைந்ததும் அவள் பாறையடிக்குப் போனாள்.

"அண்ணே, மழை வரும்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?"

"எறும்புகளைப் பார்த்துத்தாம்மா! முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுதுங்க. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

சரிதான் என்று பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. புற்றுக்குப் போய் எறும்புத் தலைவியைக் கேட்டாள்.

"மயில் தோகை விரிச்சு ஆடுச்சே, நீ பார்க்கலையா?" என்றாள் எறும்புத் தலைவி. "அதுக்கப்புறமும் முட்டையை நனைய விடுவோமா? போன மாசம் எருமை எங்க புற்றை மிதிச்சப்போ ஒரு தடவை குடி மாறினோம். அதுக்கப்புறம் மயில் ஆடுறப்போ எல்லாம் மாறிக்கிட்டே இருக்கோம். இடுப்பு ஒடியுது பவளாயி!"

பவளாயி மயிலைத் தேடி ஓடினாள்.

"நீங்க எதைப் பார்த்து ஆடுனீங்க?"

"எதைப் பார்க்கணும்? பெத்தண்ணனே பாறையில ஏறி அறிவிச்சிட்டாரு. அப்புறமும் நான் ஆடாம நின்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

பவளாயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எறும்பைப் பார்த்துத் தவளை, தவளையைக் கேட்டு மயில், மயிலைப் பார்த்து எறும்பு! அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெளுத்துப் போய்க் கிடந்தது. பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. இத்தனை பேரில் மேலே பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லையே!

சாயங்காலம் பெத்தண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பியிருந்த தொண்டை மெல்ல வற்றியது.

"எனக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம்தாம்மா," என்றார் அவர். "ஆனா பாறையில ஏறினா அத்தனை முகமும் என்னையே பார்க்குது. எல்லாம் வாடிப்போன முகம். இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

பாவமாக இருந்தது பவளாயிக்கு. கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அந்த இளகின மனசுதான் இப்போது தன் குஞ்சுகளுக்கு உலை வைக்கப் பார்க்கிறது என்பதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

"உங்களைத் திட்ட வரலை அண்ணே. விடிஞ்சதும் நான் வாய்க்கால் வழியா மடுவுக்குக் கிளம்புறேன். நரி கரைக்கு வந்திடுவான். அவனைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கணும். முடியுமா?"

"முடியுமாவா!" பெத்தண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேசுறதைத் தவிர எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

விடிந்தது. "சிறப்பு வானிலை அறிக்கை!" என்று பெத்தண்ணன் கத்திய கத்தலில் குட்டையே ஓடி வந்தது. நரியும் வந்து முன்னால் உட்கார்ந்தான். கோரைப் புதரின் மறுபக்கம் பவளாயி குஞ்சுகளோடு வாய்க்காலில் இறங்கினாள்.

"முதலில் தென்கரை! அடுத்து வடகரை! அதற்கடுத்து வடகரைக்கும் தென்கரைக்கும் இடைப்பட்ட பகுதிகள்!"

அந்தக் குரல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அது கேட்கும்வரை நரி அங்கே இருக்கிறான் என்று அர்த்தம். "ஓடுங்கடா கண்ணுகளா, நிற்காதீங்க!" என்று பவளாயி குஞ்சுகளை மூக்கால் தள்ளித் தள்ளி நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நரி கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. பவளாயி திரும்பிப் பார்த்தாள். எழுந்துவிடுவானோ!

"நரியார் வளை அமைந்துள்ள புதர்ப் பகுதியில்..." என்று இழுத்தார் பெத்தண்ணன்.

மழை வராது என்று நன்றாகத் தெரிந்தவன்தான் நரி. ஆனால் தன் வளையைப் பற்றிச் சொன்னதும் அவனுக்கே பதற்றமாகிவிட்டது!

"என் வளைக்கா? தண்ணி எந்தப் பக்கமா வரும்?"

"அவசரப்படாதீங்க நரியாரே! முதல்ல காற்று. காற்றைச் சொல்லி முடிச்சுத்தான் மழை!"

பெத்தண்ணன் வாயில் காற்று கிழக்கே வீசியது, மேற்கே வீசியது, நின்று யோசித்து மறுபடி வீசியது. பாதி வழியில் கடைக்குட்டி ஒரு வெடிப்பில் விழுந்தது. பவளாயி அலகால் கவ்வி இழுத்தாள். வெயில் ஏறியது. தூரத்தில் பெத்தண்ணனின் குரல் கம்மியது, வறண்டது, இருமியது. ஆனாலும் நிற்கவில்லை.

மடுவின் நாணல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அந்தக் குரல் ஓங்கி ஒலித்தது.

"கடைசியாக ஒரு திருத்தம்! இந்த வாரம் மழை இல்லை! இதுவரைக்கும் நான் சொன்ன எதையும் கண்ணால பார்த்துச் சொல்லலை. என்னை மன்னிச்சிடுங்க. நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் மடுவுக்குக் கிளம்புங்க!"

அப்புறம் குரல் இல்லை. சேற்றில் தொப்புத் தொப்பென்று விழுந்து எழுந்து, கோரைக்குள் யாரோ பாய்ந்து புரட்டும் சத்தம். கூடு காலி என்று கண்ட நரி ஊளையிட்டான். அந்த ஊளை காதில் விழுந்தபோது, ஐந்து குஞ்சுகளும் மடுத் தண்ணீரில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. பவளாயி அழுதுவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாகப் பெத்தண்ணன், தோல் வறண்டு, தத்தித் தத்தி. யாரும் அவருக்காக நகரவில்லை. மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பவளாயிதான் நாணலை விலக்கி இடம் விட்டாள்.

"வாங்க அண்ணே, முதல்ல தண்ணியில இறங்குங்க."

கடைக்குட்டி அவர் பக்கத்தில் நீந்தி வந்தது. "மாமா, மழை எப்போ வரும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெத்தண்ணனின் தொண்டை பழக்கதோஷத்தில் உப்பியது. அப்படியே அடங்கியது.

"தெரியலடா கண்ணு," என்றார்.

ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமை மட்டும் மெதுவாக அவர் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தது.

எத்தனை பேர் சொன்னாலும் சரி, முதலில் கண்ணால் பார்த்தவர் யார் என்று விசாரிக்காமல் ஒரு சேதியை நம்பி உட்காரக் கூடாது.