பதர் மாமா

ஒரு குளக்கரையில் அணில், காகம், முயல், ஆமை, காடை எல்லாம் ஒரே சபையாக வாழ்ந்தன.

பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயில் தெரு இருந்தது. அந்தத் தெருவில் உலை வைக்கும் பெண்கள், கர்த்தருக்கென்று முதலில் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்து இந்தப் பிராணிகளும் ஒரு வழக்கம் வைத்திருந்தன. அந்தியில் புன்னை மரத்தடியில் கூடி ஜெபிக்கும். ஜெபம் முடிந்ததும் எல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் போய், இரை தேட முடியாதவர்களுக்காக ஒரு வாய் உணவை மரப்பொந்தில் போடும். எது என்ன போட்டது என்று யாரும் பார்க்கக் கூடாது.

ஜெபம் நடத்துவது அணில். அதனால் எல்லாரும் அதை 'உபதேசியார்' என்றே கூப்பிட்டார்கள். பசித்தவர்களுக்காக அது உருகி ஜெபிக்கும்போது முயல் அழுதுவிடும்.

"உபதேசியாரே, நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள எனக்கே பசி வந்துருது!" என்று காகம் கிண்டல் செய்யும்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. ஒரு நாள் அணிலுக்குப் பயம் வந்தது. நாளைக்கு நெல் கிடைக்காவிட்டால்?

அன்று ஜெபம் முடிந்து எல்லாம் கண் மூடியிருந்தன. அணில் நெல்லைத் தனக்கு வைத்துக்கொண்டு, ஒரு வாய் பதரைப் பொந்தில் போட்டது. பதர் பார்க்க நெல் போலவே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

'இன்றைக்கு மட்டும்' என்று நினைத்தது. மறுநாளும் அதையேதான் நினைத்தது. கூட்டில் நெல் குவிந்தது. ஜெபம் இன்னும் நீண்டது.

எட்டாம் நாள் ஆமை வந்தது. பொந்தில் சேர்வதை முதுகில் சுமந்துபோய்க் கொடுப்பது அதன் வேலை.

"தோத்திரம், உபதேசியாரே! கால் ஒடிஞ்ச காடை இன்னைக்குத் தலையே தூக்கல. நீங்க வந்து ஜெபிக்கணும்னு கேக்குது."

அணில் போனது. புதருக்குள் காடை எலும்பும் இறகுமாகக் கிடந்தது. பக்கத்தில் மூன்று குஞ்சுகள்.

"ஜெபத்துக்கு முன்னால ஒரு உதவி, ஐயா" என்றது காடை. இறகை விலக்கிக் காட்டியது. அதற்கடியில் ஏழு கம்பு மணிகள் இருந்தன.

"தினமும் யாரோ பதர் போடுறாங்க. பாவம், அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ! வெறுங்கையோட போக மனசில்லாம, இருந்த பதரையாவது போட்டிருக்காங்க. என் பங்குல நாளுக்கு ஒரு மணி எடுத்து வச்சேன். யாருன்னு பாத்துக் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, கூச்சப்படுவாங்க."

"அந்தப் பதர் மாமாவுக்கு நம்ம கம்பா?" என்று முணுமுணுத்தது கடைசிக் குஞ்சு.

"சும்மா இரு! நம்மளவிட இல்லாதவங்க அவங்க."

அணில் கண்ணை மூடி, "கர்த்தாவே..." என்று தொடங்கியது. உடனே கண்ணைத் திறந்துவிட்டது.

"அம்மா... அந்தப் பதரைப் போட்டது நான்தான்."

"ஐயோ! உங்களுக்கா இவ்வளவு கஷ்டம்?" என்று காடை பதறியது.

'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தப்பித்துவிடலாம். பரிதாபமும் கிடைக்கும். அணில் அந்தச் சொல்லை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை விழுங்கியது.

"இல்லம்மா. என் கூடு நிறைய நெல் இருக்கு."

கடைசிக் குஞ்சு தலையை நீட்டிப் பார்த்தது.

"அப்போ நீங்கதான் பதர் மாமாவா?" என்றது குஞ்சு.

"நான்தான்."

அணில் ஓடியது. வாய் நிறைய நெல்லோடு வந்தது. மறுபடி ஓடியது, மறுபடி வந்தது. பொழுது சாயும்வரை நிற்கவில்லை. காடை மெல்லத் தலை தூக்கியது.

அந்தியில் அணில் மரத்தடியில் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னது.

"நான் அழுத அழுகையெல்லாம் பதருக்கா!" என்றது முயல்.

"இனிமே எல்லாரும் கண்ணைத் திறந்துகிட்டே போடுவோம்!" என்று கத்தியது காகம்.

அணில் தலையைக் குனிந்தது. "அதுதான் சரி."

"வேண்டாம்" என்றது ஒரு மெல்லிய குரல். ஆமையின் முதுகில் காடை வந்திருந்தது. "கண்ணை மூடிக்கிட்டே போடுங்க. யாரும் பாக்காம நல்லது செய்ய அவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கட்டும். ஜெபமும் அவரே பண்ணட்டும்."

"கர்த்தாவே, நான் பதர். என்னை மணியாக்கும்" என்றது அணில். அவ்வளவுதான் ஜெபம்.

"ஆமென்! இன்னைக்குத்தான் எனக்குப் பசிக்கல!" என்றது காகம்.

எல்லாம் கண்ணை மூடின. பொந்துக்குள் நெல் விழும் சத்தம் கேட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

ஊர் கேட்க நாம் செய்யும் ஜெபத்தின் உண்மை, ஊர் கண் மூடியிருக்கும்போது நம் கை போடுவதில்தான் இருக்கிறது.