மேஜரின் இருபத்து நாலு மணி நேரம்

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. ஞானக் கதைகளில் இது தலைகீழாக இருக்கும். கோவைக்கு மேற்கே ஒரு சின்ன கிளினிக்கில் இப்படித்தான் இருந்தது.

குரு டாக்டர் பூங்கோதை, நாய்களுக்கு இதயம் பார்ப்பவர். சீடர் தேவசகாயம், பம்ப்செட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அளவு தப்பிய ஒரு துண்டைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார் என்று பெயர். ஓய்வு பெற்ற மாதமே டாபர்மேன் குட்டி ஒன்று வாங்கினார். மேஜர் என்று பெயர் வைத்தார். அவனை வைத்து நல்ல வம்சம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் ஞாயிறுதோறும் டாக்டரிடம் வந்து பாடம் கேட்டார்.

முதல் ஞாயிறே டாக்டர் ஒரு விதி சொன்னார்.

"கண்காட்சியில காதைப் பாப்பாங்க, காலைப் பாப்பாங்க, பல்லைப் பாப்பாங்க. இந்த இனத்துக்கு நெஞ்சுலதான் வினை. வெளிய தெரியாது. ஓடிட்டு இருக்கும்போதே விழுந்துரும். அதனால ஜோடி சேர்க்கிற வருஷம் நெஞ்சைப் பாக்காம சேர்க்கக் கூடாது. போன வருஷப் பேப்பர் போன வருஷத்தோட சரி."

தேவசகாயம் அதை நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டார்.

நாலு வருஷம் பொறுத்தார். இப்போது ஈரோட்டிலிருந்து குப்புராஜ் என்பவர் தன் பெண் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். பெண் நாய்தான் ஆண் நாய் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்பது இந்த வட்டாரத்து வழக்கம். நாள் கணக்குப் பார்த்ததில் சனியும் ஞாயிறும்தான் தோது. விட்டால் அடுத்த பருவத்துக்கு ஆறேழு மாதம் ஆகும்.

சனிக்கிழமை காலை தேவசகாயம் கிளினிக்குக்கு வந்தார். மேஜரின் மார்பில் ஒரு நாள் முழுக்கக் கட்டியிருந்த, துடிப்பைப் பதியும் கருவியை மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு தாள். நாய் எந்த மணிக்கு என்ன செய்தது என்று எழுதித் தர வேண்டிய தாள் அது.

டாக்டர் கருவியைக் கணினியில் மாட்டினார். கோடுகள் ஓடின. தேவசகாயம் உட்காரவில்லை.

"நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்ணா."

தேவசகாயத்துக்கு மூச்சு வந்தது. டாக்டர் தாளை எடுத்துப் படித்தார்.

"காலைல ஆறு மணி, மைதானத்துல அரை மணி நேரம் ஓட்டம். நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"ஆறு மணிக்கு நாய் ஓடியிருக்கு. நெஞ்சு மட்டும் படுத்துத் தூங்கியிருக்கு."

தேவசகாயம் சன்னல் பக்கம் பார்த்தார்.

"எப்பவும் போல இருக்கட்டும்னு சொல்லித்தானே கட்டி விட்டேன். என்ன செஞ்சீங்க?"

"உள் ரூம்ல ஃபேன் போட்டுப் படுக்க வச்சேன். தயிர்சாதம் போட்டேன். அலுங்காம இருந்தான்."

"ஏன்?"

"ஒரு நாள்தானேன்னு."

"நாலு வருஷம் பொறுத்தவர் நீங்க. ஏன்?"

"போன வருஷம் சுத்தமா இருந்துச்சு, டாக்டரம்மா. வந்தவரு வீட்டுல காத்துட்டு இருக்காரு. எத்தனை தடவைதான் பாக்கறது? ஒரு தடவை நல்லதுன்னு வந்துட்டா அது நல்லதுதானே?"

டாக்டர் வாதத்துக்கு வரவில்லை. கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"காதுல மாட்டுங்க."

மாட்டினார். டாக்டர் அதன் மறுமுனையைத் தேவசகாயத்தின் சட்டைக்குள்ளேயே, இடது மார்பில் வைக்கச் சொன்னார்.

"நான் குட்டி வாங்க வந்திருக்கேன். கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அப்பன் நாய் பேரு என்னங்க?"

"மேஜர்."

"வயசு?"

"நாலு முடிஞ்சிருச்சு."

"நெஞ்சு பாத்தாச்சுங்களா?"

தேவசகாயம் தன் தாளைப் பார்த்தார். பிறகு சொன்னார். "பாத்தாச்சு."

முப்பது வருஷம் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. ஓட்டம் சரியா, கோளாறா என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் நெஞ்சு ஓடிய ஓட்டத்தைக் கேட்டு அவர் பயந்துபோனார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மாடிப்படி ஏறி வந்தா இருமறான், டாக்டரம்மா. ஒரு மாசமா. தண்ணி பொறையேறுதுன்னு என் பொண்டாட்டி லூர்துகிட்ட சொன்னேன். அவகிட்ட சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பிக்கிட்டேன்."

ஜோடி தவறுவதைவிட மேஜர் போய்விடுவானோ என்பதுதான் அவர் பயம். அது அப்போதுதான் டாக்டருக்கும் புரிந்தது. டாக்டரின் குரல் தணிந்தது.

"அவன் நெஞ்சுல என்ன இருக்குன்னு அந்த நெஞ்சுக்குத் தெரியுங்ணா. இன்னும் தெரியாதது நமக்குத்தான். திரும்பக் கட்டலாம்."

மேஜரைக் காரிலிருந்து கூட்டிவந்தார்கள். மார்பில் மயிர் மழித்த இடத்தில் மறுபடியும் ஒட்டினார்கள். அவன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

அன்று மேஜர் எப்போதும் போல ஓடினான், குரைத்தான், மாடி ஏறினான், இருமினான். இந்தத் தடவை தாளை லூர்து எழுதினாள். தேவசகாயம் பேனாவைத் தொடவே இல்லை. குப்புராஜ் ஹாலில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய நாய் பின்கட்டில் கிடந்து முனகியது.

ஞாயிறு காலை கிளினிக்கில் நாலு பேர்: டாக்டர், தேவசகாயம், குப்புராஜ், மேஜர். கோடுகள் ஓடின. டாக்டர் ஒரு இடத்தில் நிறுத்தினார், நகர்த்தினார், மறுபடி நிறுத்தினார். பிறகு மேஜரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஸ்கேனும் பார்த்தார்.

"எத்தனைங்க?" என்றார் தேவசகாயம்.

"தப்பான துடிப்பு நானூத்திப் பன்னெண்டு. அம்பதுக்கு மேல போனாலே எங்களுக்குக் கவலைதான். நெஞ்சும் வீங்க ஆரம்பிச்சிருக்கு."

தேவசகாயம் கீழே உட்கார்ந்து மேஜரின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை இன்னைக்கே தொடங்கிரலாம். இப்பவே தெரிஞ்சதால கொஞ்ச காலம் கூடக் கிடைக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான். ஆனால் நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்தவர்.

"நாய் பாக்க ராஜாவாட்டம் நிக்குது. குட்டிக்கெல்லாம் வரும்னு என்ன நிச்சயம்? இன்னைக்கு ஒரு நாள் சேர்த்துட்டுப் போயிடறேனே. நாம மூணு பேரும் சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

டாக்டர் கணினியைப் பார்த்தபடி இருந்தார். கூடாது என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேஜர் ஒருமுறை இருமினான்.

தேவசகாயம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாங்க. வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுக் கிளம்புங்க. சேலத்துல ஒருத்தர் தன் நாய்க்கு வருஷா வருஷம் நெஞ்சு பாக்கறவரு இருக்காரு, நம்பர் தர்றேன்."

"அதுக்குள்ள நாள் போயிருமுங்களே."

"போகட்டுங்க."

குப்புராஜ் அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டு எழுதினார். காலை, மாலை, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தேவசகாயம் தலையாட்டினார், ஆனால் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவு வரைக்கும் போனவர் நின்றார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"நேத்துக் காலைல கொண்டுவந்த பேப்பரை நீங்க அப்படியே ஒத்துக்கிட்டிருந்தா, டாக்டரம்மா, இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். ரெண்டு மாசத்துல எட்டுக் குட்டி பொறந்திருக்கும். இன்னைக்கு இந்த வலி எனக்கு இருந்திருக்காது இல்லீங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"வலி எங்கயும் போயிருக்காதுங்ணா. எட்டு வீட்டுக்குப் பங்கு வச்சுக் குடுத்திருப்பீங்க."