கடைசி சீட்டுச் சிம்மாசனம்

சங்கரன்கோவில் ரைஸ்மில் முதலாளி தனுஷ்கோடிக்குப் புது எஸ்யூவி வந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. மகனுடைய நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் போகணும் என்றார். டிரைவர் காசிமணி தலையைச் சொறிந்தான்.

“முதலாளி, வெளியில பார்த்தா மலை மாதிரி இருக்கு. கடைசி சீட்டுல காலை வைக்க இடமில்லை. நம்ம பழைய வேன்லயே போயிருவோமே?”

“மாப்பிள்ளைக்கு அப்பன் நான், வேன்ல போய் இறங்கவா? கடைசி சீட்டும் சிம்மாசனம்தான்டா! இன்னொரு தடவை குறை சொன்னே, வேனும் கிடையாது, உனக்கு வேலையும் கிடையாது.”

நிச்சயதார்த்தத்தன்று காசிமணி புது வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சொந்தக்காரர்கள் ஏற வந்ததும் கடைசி சீட்டில் துண்டை விரித்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னான்: “சிம்மாசனம் தயார்! முதலாளி இருக்கும்போது இதுல வேற யாரு உட்காருவா?”

எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மறுக்க முடியாமல் தனுஷ்கோடி உள்ளே நுழைந்தார். முழங்கால் மோவாயை இடித்தது. “வசதியா இருக்கா?” என்று மனைவி திரும்பித் திரும்பிக் கேட்டாள். “தாராளமா இருக்கு,” என்று முனகியபடியே ராஜபாளையம் வரை வந்தார்.

பெண்ணின் அப்பா வாசலில் மாலையோடு நின்றார். தனுஷ்கோடி இறங்கினார். பிடித்த இடுப்பு நிமிரவில்லை. காலில் விழப்போகிறவர் மாதிரி அப்படியே மடங்கி நின்றார்.

பெண்ணின் அப்பா பதறிப்போனார். “ஐயையோ சம்பந்தி! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க முன்னால இப்படிக் குனியலாமா?”

“சிம்மாசனத்துல இருந்து இறங்கி வர்றாருங்க. அதான் இவ்வளவு பணிவு,” என்றான் காசிமணி.

குனிந்த வாக்கிலேயே முதலாளியின் குரல் வந்தது: “டேய் காசி… போய் வேனை எடுத்துட்டு வா.”