சட்டப்படி ஒரு கைத்துப்பாக்கி

கோணக்குளத்தில் குளம் நேராகத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள்தான் கொஞ்சம் அப்படி இப்படி. "மழை வந்தால் மாட்டை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டு" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால், மழை வருகிறவரை அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கயிற்றோடு நிற்பான். சித்திரை மாதமாக இருந்தாலும் நிற்பான். கெட்டவன் என்று அந்த ஊரில் ஒருத்தனைக் காட்ட முடியாது. அதற்கெல்லாம் கொஞ்சம் மூளை வேண்டுமே.

அந்த ஊர்ச் சிங்காரத்துக்கு மலையடிவாரத்து வெள்ளையப்பர் மகள் செண்பகத்தின் மேல் உயிர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊருணிக் கரையில் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கிடுங்க, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிப் போனாள். போனவள் மறந்தே போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், சிங்காரம் அதே இடத்தில் உட்கார்ந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் இன்னொருத்தன் எங்கே கிடைப்பான்? அன்றைக்கே அவளுக்கும் அவன்மேல் மனசு விழுந்துவிட்டது.

இடைஞ்சல் வெள்ளையப்பரிடம்தான் இருந்தது. அவர் அந்தக் காலத்தில் மலைப்பாதையில் வழிப்பறி செய்தவர். இப்போது ஓய்வு. பெண் கேட்டு வந்த சிங்காரத்தை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"மாப்பிள்ள, நான் மூங்கில் கம்பை வச்சே காலத்தை ஓட்டிட்டேன். கம்பைப் பார்த்து எவனும் பயப்படல. மாடு மேய்க்கிறவன்னு நெனச்சு வழி கேட்டுட்டுப் போயிருவான். வழி சொல்லியே எனக்கு வயசாயிட்டு. அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். கைத்துப்பாக்கியக் காட்டி எவன் வழிப்பறி நடத்துறானோ, அவனுக்குத்தான் என் பொண்ணு. இது குலதெய்வத்து மேல ஆணை."

"எப்பக்குள்ள மாமா?"

"வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பந்தல் போட்டாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளைதான் இன்னும் முடிவாகல."

சிங்காரம் மோரைக்கூடக் குடிக்காமல் ஊருக்கு ஓடி வந்து கூட்டாளிகளைக் கூட்டினான். மூன்று பேர். முதலாவது வேம்பு, சமஸ்தானத்துத் தண்டோரா எங்கே கேட்டாலும் கடைசி அடி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் நகர்வான், ஆகையால் ஊருக்கு அவன்தான் வக்கீல். அடுத்தவன் மொக்கையன், நெல் மூட்டை ஏற்றிய வண்டியைத் தோளால் தூக்கி அச்சு மாற்றுவான். அப்புராசு எதைச் சொன்னாலும் பெருமூச்சு விட்டு "அதுவும் சரிதான்" என்பான். ஊரில் அவனுக்கு நல்ல மரியாதை.

"துப்பாக்கி வாங்குறது லேசில்ல அண்ணே" என்றான் வேம்பு. "சமஸ்தானத்துல புதுச் சட்டம் போட்டிருக்காங்க. கண்ட துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது. கீழ விழுந்தா வெடிக்கக் கூடாது. சின்னப் பிள்ளை விரலுக்கு விசை அசையக் கூடாது. உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு வெளிய பார்த்தாலே தெரியணும். இந்த மூணும் உள்ள ரகம்தான் செல்லும். மத்தது வச்சிருந்தா ஜெயில்."

மொக்கையன் யோசித்தான். "நாம கொள்ளையடிக்கத்தான போறோம். இதெல்லாம் பாக்கணுமா?"

சிங்காரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "கொள்ளையடிக்கப் போறோம், சரி. அதுக்காகச் சட்டத்தை மீறலாமா? நாளைக்குச் செண்பகத்த ஊர் என்ன சொல்லும்? யோக்கியமில்லாதவன் பெஞ்சாதின்னு சொல்லாதா?"

"அதுவும் சரிதான்" என்றான் அப்புராசு.

சிங்காரத்தின் வீட்டில் இருந்த பெரிய பித்தளை அண்டாவை விலைக்கு ஈடாகத் தலையில் தூக்கிக்கொண்டு நாலு பேரும் டவுனுக்குப் போனார்கள். அங்கே அருமைநாயகம் என்பவர் ஆயுதக் கடை வைத்திருந்தார். அண்டாவைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பிகளா. எந்தக் காரியத்துக்குத் துப்பாக்கி?"

"வழிப்பறிக்கு அண்ணாச்சி. ஆனா சட்டத்துக்குப் பொருந்தணும்."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். வேடிக்கைக்காரப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவர் சிரித்தது அன்றைக்கு அதுதான் கடைசி.

முதலில் ஒரு சீமைத் துப்பாக்கியை எடுத்து வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. "கீழ விழுந்தா வெடிக்காது, நான் பொறுப்பு" என்றார்.

வேம்பு அதை வாங்கித் தரையில் போட்டான். வெடிக்கவில்லை. ஆனாலும் அவனுக்குத் திருப்தி இல்லை. "விழுந்தான்னுதான் சட்டத்துல இருக்கு. எங்க இருந்து விழுந்தான்னு சொல்லல. அப்ப எல்லா இடத்துல இருந்தும் போட்டுப் பாக்கணும்."

கூரைமேல் ஏறிப் போட்டார்கள். வெடிக்கவில்லை. பின்பக்கத்துப் பனைமரத்தில் ஏறிப் போட்டார்கள். அது கீழே நின்ற மொக்கையன் மண்டையில் விழுந்தது. மண்டை வீங்கியதே தவிர, துப்பாக்கி வெடிக்கவில்லை. கடைசியில் கிணற்றில் போட்டார்கள். நாலு பேரும் கிணற்றுச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்கள். சத்தமே இல்லை.

"அருமையான ரகம் அண்ணாச்சி" என்றான் வேம்பு. "தேறிட்டு. அது அங்கயே இருக்கட்டும், அதைவிடப் பாதுகாப்பா ஒரு துப்பாக்கிய வைக்க முடியாது. இதே மாதிரி வெளிய ஒண்ணு இருந்தா எடுங்க."

கடைக்காரர் கிணற்றையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். அண்டா பெரிய அண்டா. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றை எடுத்து வந்தார்.

இப்போது சின்னப் பிள்ளை சோதனை. சின்னப் பிள்ளைக்கு எங்கே போவது? நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்ல நான்தான் கடைக்குட்டி" என்றான் மொக்கையன். "எங்கம்மா இப்பவும் யாரு வந்தாலும் 'அது சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்'னுதான் சொல்லும்."

பெற்ற தாய் சொல்லும்போது மேல்முறையீடு ஏது? மொக்கையன் விரலைக் கொடுத்து இழுத்தான். விசை கையோடு வந்துவிட்டது.

"சின்னப் பிள்ளை விரலுக்கே அசையுதே அண்ணாச்சி" என்று வேம்பு வருத்தப்பட்டான். "வேற காட்டுங்க."

அடுத்ததும் கையோடு வந்தது. அதற்கடுத்ததில் விசை, பிடி, குழல் மூன்றும் தனித்தனியாக வந்தன. மேசையெல்லாம் இரும்புத் துண்டு. கடைக்காரர் ஏதோ ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே எழுந்துபோய், கூரை ஒழுகும் பின்னறையில் அவருடைய தாத்தா காலத்திலிருந்து கிடந்த ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தார். மழை பெய்து பெய்து அது முழுக்கத் துருவாகி, எது விசை எது பிடி என்று தெரியாமல் ஒரே கட்டியாக இருந்தது.

மொக்கையன் ஒரு விரலால் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். மேசைமேல் காலை உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். மேசைதான் நகர்ந்தது.

சிங்காரத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுதான் துப்பாக்கி" என்றான்.

"குண்டு இருக்கது வெளிய தெரியணுமே" என்று வேம்பு ஞாபகப்படுத்தினான்.

கடைக்காரர் ஒரு குண்டை எடுத்து, நூலில் கோத்து, துப்பாக்கிக் கழுத்தில் தாயத்துப் போலக் கட்டித் தொங்கவிட்டார். "வெளிய தொங்குதா? அப்ப உள்ள இல்ல. போதுமா?"

நாலு பேரும் அசந்துபோனார்கள். இவ்வளவு படித்தவர் ஏன் கடை வைத்துக் கஷ்டப்படுகிறார் என்று அப்புராசுவுக்கு மனசு சங்கடப்பட்டது.

"அண்ணாச்சி, இது சுடுமா?"

"சத்தியமா சுடாது. தாராளமா வச்சுக்கிடலாம்."

ஆனாலும் ஆள் பயப்படாவிட்டால் ஒரு தடவையாவது சுட்டுக் காட்ட வேண்டுமே. சிங்காரம் விசையில் தேர் வடம் மாதிரி ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னான். துப்பாக்கியைக் கடைத் தூணில் கட்டிவிட்டு நாலு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். தூண் ஒரு முழம் சாய்ந்தது. கடைக்காரர் அண்டாவை வேண்டாம் என்று சொல்லி, அதையும் அவர்கள் தலையில் தூக்கி வைத்து, தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு நல்ல மனுஷர் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மலைப்பாதையில் போய் நின்றார்கள். குடை பிடித்துக்கொண்டு, துணி மூட்டையோடு ஒருத்தர் தனியாக வந்தார். சிங்காரம் முன்னால் போய்க் கும்பிட்டான்.

"ஐயா, வணக்கம். நாங்க வழிப்பறி."

குடைக்காரர் நாலு பேரையும் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "குண்டு வெளிய தொங்குதே?" என்றார்.

"உள்ள இல்லன்னு அர்த்தங்க."

"அப்ப நான் எதுக்குப் பயப்படணும்?"

"பயப்படவே வேண்டாம் ஐயா" என்றான் வேம்பு. "சட்டமே அதுக்குத்தான் போட்டிருக்கு."

"பயமில்லன்னா நான் எதுக்குப் பொருளைக் கொடுக்கணும்?"

இது நியாயமான கேள்வி என்று நாலு பேருக்கும் பட்டது. ஒதுங்கிப்போய்ப் பேசினார்கள். ஒரு தடவை சுட்டுக் காட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. சுட வேண்டுமானால் நாலு பேரும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் துப்பாக்கியை யார் பிடிப்பது? அந்தப் பொட்டலில் தூணும் கிடையாது, மரமும் கிடையாது.

குடைக்காரருக்கு இரக்க சுபாவம். "கொண்டாங்கப்பா, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று கையை நீட்டினார். அவர்கள் நன்றி சொல்லிக் கொடுத்தார்கள்.

நாலு பேரும் கயிற்று நுனியைப் பிடித்து, காலை ஊன்றி, "ஏலேலோ" போட ஆரம்பித்தபோது குடைக்காரர் கேட்டார்: "ஒரு சந்தேகம். இப்ப துப்பாக்கி யார் கையில இருக்கு?"

"உங்க கையில."

"துப்பாக்கி வச்சிருக்கவன் கொள்ளைக்காரனா, வச்சிருக்காதவன் கொள்ளைக்காரனா?"

வேம்பு நெடுநேரம் யோசித்தான். "வச்சிருக்கவன்தான்."

"அப்ப உங்ககிட்ட இருக்கத எல்லாம் இப்படி வைங்க."

சட்டம் தெளிவாக இருந்தது. தலைப்பாகை, துண்டு, வேட்டி, கட்டுச்சோறு, சிங்காரத்தின் வெள்ளி அரைஞாண், எல்லாவற்றையும் வைத்தார்கள். சிங்காரம் மட்டும் கொஞ்சம் தயங்கி, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. 'அசையாத'ன்னு ஒரு அதட்டுப் போடணும்" என்றான். குடைக்காரர் போட்டார். இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கலாம் என்றார்கள். மறுபடியும் போட்டார். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு நடந்தார். கயிற்றை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் நாலு பேரும் அதைப் பிடித்தபடியே அவர் பின்னால் கொஞ்ச தூரம் போனார்கள். அவர் திரும்பிக் கும்பிட்டு விடச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

கோவணத்தோடு வந்து நின்ற நாலு பேரையும் வெள்ளையப்பர் பந்தலில் நிறுத்தி விசாரித்தார்.

"வழிப்பறி நடந்துதா?"

"நல்லபடியா நடந்துது மாமா."

"துப்பாக்கி காட்டியா?"

"காட்டித்தான்."

"காட்டினது யாரு?"

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு குடைக்காரர்."

வெள்ளையப்பர் மீசையைத் தடவினார். "ஆணைன்னா ஆணைதான். அப்ப அந்தக் குடைக்காரர்தான் மாப்பிள்ளை."

சிங்காரம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். குழந்தை மாதிரி அழுதான். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நியாயம்தான் மாமா. அவருதான் முறையா செஞ்சாரு" என்றான். உள்ளேயிருந்து செண்பகம் ஒரு பித்தளைச் செம்பை வீசினாள். அது அப்புராசு மேல் பட்டது. "அதுவும் சரிதான்" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தாம்பாளம், மாலை, மேளம் சகிதமாக எல்லாரும் மாப்பிள்ளையைத் தேடிப் புறப்பட்டார்கள். "அந்த ஆளை நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று செண்பகமும் கையில் விளக்குமாற்றோடு கூடவே வந்தாள். கண்மாய்க் கரையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தோளில் சிங்காரத்தின் துண்டு. ஊரே திரண்டு வருவதைப் பார்த்தார். முன்னால் மொக்கையன் வருவதையும் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி ஓட்டம் பிடித்தார்.

"மாப்பிள்ள, நில்லுங்க" என்று எல்லாரும் பின்னால் ஓடினார்கள். அவர் துண்டை எறிந்தார். அரைஞாணை எறிந்தார். அப்படியும் விடவில்லை என்றதும் துப்பாக்கியையே எறிந்தார். அது சிங்காரத்தின் காலடியில் வந்து விழுந்தது. அப்போதும் வெடிக்கவில்லை.

அதை எடுத்து அவர் முதுகுக்கு நேராக ஒருதரம் நீட்டி, "அசையாதே" என்று சொல்லியிருந்தால் போதும். துண்டும் அரைஞாணும் கிடைத்தாயிற்று, துப்பாக்கி கையில் இருக்கிறது, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமும் இருந்தது. செண்பகமே "அதக் காட்டுங்க, அதக் காட்டுங்க" என்று பின்னாலிருந்து கத்தினாள். ஆனால் வேம்பு இருந்தானே.

"அண்ணே, மாப்பிள்ள முறுக்கு இது. கொடுத்த சீரையெல்லாம் திருப்பி எறியுறாரு. போதலன்னு கோவம்."

வெள்ளையப்பருக்கு மானம் போய்விட்டது. தொழுவத்துக்கு ஆள் அனுப்பி, கறவைப் பசுவையும் கன்றையும் சேர்த்து ஓட்டிவரச் சொன்னார். மேளக்காரர்களிடம் மாப்பிள்ளையை விட்டு விலகக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்ததால், அவர்களும் வரப்பில் விழுந்து எழுந்து வாசித்துக்கொண்டே ஓடினார்கள். மாப்பிள்ளை முன்னால், அடுத்து சிங்காரம், அப்புறம் ஊர், பசு, கன்று, கடைசியில் விளக்குமாற்றோடு செண்பகம்.

சிங்காரம்தான் எல்லாரையும்விட வேகமாக ஓடினான். ஒரு கையில் மாலை, ஒரு கையில் துப்பாக்கி. மூச்சு வாங்க வாங்கக் குடைக்காரரைப் பார்த்துக் கெஞ்சினான்.

"மாப்பிள்ள, கோவத்த விடுங்க. துப்பாக்கி வேண்டாம்னா வேண்டாம். நின்னு பொண்ண ஒரு தடவ பாருங்க. பார்த்தா விடமாட்டீங்க. ரெண்டு வருசமா என்னாலயே விட முடியல."