கரும்புகை

மலையடிவாரத்து மடத்தில் வேலப்ப சாமிக்கு இரண்டு சீடர்கள். மூத்தவர் சிவனணைந்தான்; கூப்பிடுவது சிவனு. சாமியைவிடவே வயதில் மூத்தவர்; முன்பு லாரி ஓட்டியவர். அடுத்தவன் தளவாய், டீசல் பம்ப்பு ரிப்பேர் கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் வந்து சேர்ந்தவன்.

தளவாய் வந்த நாளிலிருந்து சிவனுவுக்கு வயிற்றெரிச்சல்தான். பின்னே? மேல்மலைப் பள்ளிக்கூடத்துக்கு மடத்து வண்டியில் சோறு கொண்டுபோகிற வேலை அவருடையது. இப்போது சாமி, "தளவாய், நீ ஓட்டேன்" என்கிறார். சிவனு பின்னால் உட்கார்ந்து சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. யாருக்குத்தான் பொறுக்கும்?

வண்டியின் இன்ஜின் ஒருநாள் அடியோடு போயிற்று. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோக வசதி இல்லை. வேறொரு பழைய இன்ஜினை வாங்கி, கொட்டகையிலேயே வைத்து இருவரும் மாற்றினார்கள். டீசல் பம்ப்பும் குழாய்களும் தளவாய் பொறுப்பு. இன்ஜினைத் தூக்கி உட்காரவைத்ததும் காற்றுக்குழாய் மாட்டியதும் சிவனு.

வண்டி கிளம்பியது. சமதரையில் ஓடியது. ஏற்றம் வந்ததும் கரும்புகையாகக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"டீசல் கூடுதலாப் போகுது, சாமி" என்றார் சிவனு, ஊருக்கே கேட்கிற மாதிரி. "பம்ப்பு வேலை யாரு பார்த்தது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றான் தளவாய்.

"அதான பார்த்தேன்!"

கரும்புகைக்கு டீசல் கூடுவதும் காரணமாகலாம், காற்று குறைவதும் காரணமாகலாம். இது சிவனுவுக்குத் தெரியாததா? தெரியும். நினைக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தளவாய் பம்ப்பைக் கழற்றினான், மாட்டினான். கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான், கடைசியில் பழைய இடத்துக்கே திருகி வைத்தான். புகை நிற்கவில்லை. அத்தனை நாளும் சோற்றுப் பானையைத் தலையில் சுமந்துதான் மலை ஏறினார்கள். போய்ச் சேருவதற்குள் பசி தாங்காமல் சின்னப்பிள்ளைகள் அழுதுவிடும்.

சிவனு விடவில்லை. சாப்பிடும்போதும் சொன்னார், பூஜை நேரத்திலும் சொன்னார். "தெரியாதவன் தொட்டா இப்படித்தான்."

ஒரு நாள் காலையில் தளவாய் சாமி காலில் விழுந்து எழுந்தான். "என்னாலதான் பிள்ளைகள் பட்டினி கிடக்கு. எனக்கு எதுக்கு சாமி மடம்? மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புதேன்."

சாமி அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். சிவனுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாடா, தொலைந்தான்!

தளவாய் உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தான். சிவனு கொட்டகைக்குப் போனார். இனிமேல் ஓட்டப்போவது தான்தானே என்ற உற்சாகத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். காற்றுக்குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு துணி.

வேலை நடக்கும்போது தூசியோ திருகாணியோ விழக்கூடாது என்று இன்ஜினின் காற்று வாயில் துணி திணித்து வைப்பது வழக்கம். திணித்தவர் சிவனு. எடுக்காமலே மேலே குழாயை மாட்டியவரும் சிவனு. அவருடைய துண்டில் கிழித்த பாதிதான் அது.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. துணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயை மாட்டி, வண்டியைக் கிளப்பினார். ஏற்றத்தில் ஒரு நடை போய்த் திரும்பினார். புகையே இல்லை.

சத்தம் கேட்டு சாமி வெளியே வந்தார். தளவாயும் பையோடு வாசலில் நின்றான். ஒரு நல்ல வார்த்தைக்காக சிவனு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

சாமி சொன்னார்: "பார்த்தியா சிவனு! தளவாய் கடைசியா ஒரு திருகு திருகினானே, அதுல சரியாயிருச்சு. போற நேரத்துலயும் வேலையை முடிச்சுட்டுப் போறான். கெட்டிக்காரன்."

சிவனு இடுப்பில் செருகியிருந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கை யாருக்கு வரும்?" என்றார் சாமி.

"அவன் எங்க சாமி சரி பண்ணினான்?" சிவனு கத்தியே விட்டார். இடுப்பிலிருந்த துணியை உருவித் தரையில் எறிந்தார். "இதுதான் அடைச்சிருந்துச்சு! எடுத்தது நான்! வச்சு மறந்ததும் நான்! பம்ப்புல ஒரு குறையும் கிடையாது. அவன் முதல்ல வச்சபடியே சரியாத்தான் இருந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

தளவாய் பையைக் கீழே வைத்தான். "நெசமாவா அண்ணாச்சி? என் மேல தப்பு இல்லையா?" அவன் கண் கலங்கியிருந்தது.

"இல்லலே" என்றார் சிவனு.

சாலையில் மத்தியான பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. தளவாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றுப் பானையைத் தூக்க உள்ளே ஓடினான்.

சிவனு சாமியின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவனைப் பார்த்தாலே எரியுது சாமி. இப்பவும் எரியுது. இந்தப் பொறாமைப் புத்தி என்னை விட்டு எப்பத்தான் போகும்?"

"என்ன அவசரம்?" என்றார் சாமி. "இன்னிக்கு அவனை பஸ் ஏறவிடாம நிறுத்துனது அதுதானே?"